பிடித்தம்

ஜன்னல் முப்பத்தொன்று.
ஒவ்வொன்றிலும் எட்டுக் கண்ணாடி.
அளவுநாடாவின் மறுமுனையைப் பிடிக்க
சவரிராஜ் வந்தார், பீடியைக் காதில் செருகிக்கொண்டு.
"வீடு விலைக்கு வருதா மேடம்?"
இல்லை என்றேன்.
அப்புறம் எதற்கு என்று அவர் கேட்கவில்லை.
நாடாதான் கொஞ்சம் தொய்ந்தது.

கோடைக்கானல் ஏரிக்கு மேலே, பேரி மரங்களுக்குள்,
ஹார்வுட் துரை கட்டிய வீடு என்கிறது
வாசலில் பித்தளைப் பலகை.
துரை கட்டியது கழுத்துப்பட்டி.
அதையும் பட்லர் கட்டிவிட்டிருக்கலாம்.

கணக்குப் புத்தகம் கிடைத்தது திண்டுக்கல்லில்,
ஒரு வக்கீல் வீட்டுப் பரணில்.
எலி தின்றது போக நூற்றுப்பன்னிரண்டு பக்கம்.
அனந்தய்யன் என்ற குமாஸ்தாவின் சாய்ந்த எழுத்து,
ஓரங்களில் மூக்குப்பொடி.
தேக்கு. ஈயம். ஆணி, பவுண்டுக் கணக்கில்.
சுண்ணாம்பில் சேர்க்க முட்டை, ஆயிரத்து இருநூறு.
மட்டக்குதிரை பியூட்டிக்கு லாடம்.
பியூட்டிக்குக் கொள்ளு.
பியூட்டியின் வயிற்றுவலிக்குப் பெருங்காயம்.
தலைச்சுமை, பெண் ஆள், நாற்பது.
தலைச்சுமை, பெண் ஆள், முப்பத்தெட்டு.
அந்த இரண்டு பேர் எங்கே என்று
அடுத்த வரியில் தேடினேன்.
அடுத்த வரி டர்பன்டைன்.

மூன்று மாதம் பெயர் தேடினேன்.
கடைசிப் பக்கங்களில் இருந்தது, சிவப்பு மையில்,
பிடித்தம் என்ற தலைப்பின் கீழே:

ஒச்சாயி, கண்ணாடி ஒன்று.
வீரசின்னு, ஒன்று, கீறல் மட்டும்.
பொம்மி மகள் சங்கிலி, இரண்டு.

கண்ணாடி ஒன்றுக்குப் பதினான்கு அணா.
ஒச்சாயிக்கு நாள் கூலி இரண்டணா.
அம்மையநாயக்கனூர் ஸ்டேஷனில் இறங்கிய பெட்டி
தோப்பு வரை மாட்டுவண்டியில் வரும்.
அதற்கு மேல் தலையில்.
வைக்கோல் சுற்றிய கண்ணாடியோடு
கால் வழுக்கும் பாறையும் அட்டைக்கடியுமாய்
ஏழு நாள் ஏறிய ஏற்றம்
சிவப்பு மையில் ஒரு வரி.
சங்கிலி அரைக்கூலி. அப்படியென்றால் சிறுமி.
அவளுக்கு இருபத்தெட்டு நாள்.
அதன் பிறகு அவள் பெயர் இல்லை.
வேலைக்கு வரவில்லையா,
வந்து, எதையும் உடைக்கவில்லையா.
அனந்தய்யன் இரண்டுக்கும்
ஒரே வெற்றிடத்தைத்தான் விட்டிருக்கிறார்.

உடையாமல் கொண்டுவந்து சேர்த்தவர்கள்
ஆள், ஆள், ஆள்.

சொல்லக் கூச்சமாக இருக்கிறது.
அதற்குப் பிறகு பக்கம் புரட்டும்போதெல்லாம்
இன்னும் கொஞ்சம் உடைந்திருக்கக் கூடாதா
என்று ஆசைப்பட்டேன்.
வெள்ளகவி வளைவில் ஒருத்தி சறுக்கி,
அவள் மேல் அடுத்தவள், வரிசை முழுக்க.
நாற்பது பெயரும் கிடைத்திருக்கும்.
நாற்பது அடுப்பும் அணைந்திருக்கும்.
எனக்கு ஒரு பின்னிணைப்பு.

இப்போது வரைபடத்தில் குறித்துக்கொண்டே வருகிறேன்.
பழைய கண்ணாடியைக் கண்டுபிடிப்பது எளிது.
உள்ளே கடுகளவு குமிழி இருக்கும்.
அதன் வழியே பார்த்தால்
ஏரியின் கரை ஒரு இடத்தில் முழங்கையாய் மடங்கும்,
படகு இரண்டாகி, திரும்ப ஒன்றாகும்.
புதியதில் ஏரி ஏரியாக இருக்கிறது.
"இது குரங்கு உடைச்சது" என்கிறார் சவரிராஜ்,
"இது தேனிலவுக்கு வந்தவங்க.
இது..." என்று தொடங்கி
வேறு ஜன்னலைப் பார்த்தார்.

இருபத்தேழாவது ஜன்னலில்
நாடா அவர் விரலிலிருந்து நழுவியது.
எஃகு முனை சுருண்டு பாய்ந்து
கண்ணாடியில் அடித்தது.
ணங்.

நாங்கள் இருவரும் மூச்சு விடவில்லை.
கீழே சமையலறையில் குக்கர் இரண்டு முறை கத்தி ஓய்ந்தது.
பனி வந்து வெளிப்பக்கம் ஒட்டிக்கொண்டிருந்தது.

"உடையல மேடம்," என்றார் அவர்,
மேனேஜர் அறைப் பக்கம் பார்த்தபடி.
விரலை எச்சில் தொட்டுத் துடைத்தார்.
குமிழி இருந்த இடத்தில் குமிழி இருந்தது.

குறித்துக்கொண்டேன்:
மேல் வரிசை, இடமிருந்து மூன்று.
பழையது.
முழுசு.